சிறப்பு விருந்தினர் தூக்கிய நாற்காலிகள்

போன சனிக்கிழமை நம் பில்டிங் லிஃப்ட் வாசலில் நடந்ததை நீங்கள் இதற்குள் மறந்திருப்பீர்கள். எனக்கு மறக்கவில்லை. ஐந்தாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கறுப்பின மனிதர் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார். உங்களில் ஒருவன் வீட்டிலிருந்து எடுத்து வந்த குப்பைப் பையை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினான். மற்றவர்கள் சிரித்தீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்று வாட்ச்மேன் வந்து சொன்ன பிறகுதான் உங்கள் சிரிப்பு நின்றது. டாக்டர் என்று தெரிந்ததும் நின்றதே, அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளைகளே, நான் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியவன். ஏசி ரிப்பேர் பார்க்கும் கை இது. பேனா பிடித்துப் பழக்கமில்லை. ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் அப்பா அம்மாக்களில் சிலர் என்னைப் போலவே இந்த வளைகுடாவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களும் படிக்கட்டும். அவர்களுக்குத்தான் இது கொஞ்சம் உறைக்கும்.

எனக்கு அப்போது பத்து வயது. நாங்கள் அபுதாபிக்கு மேற்கே ருவைஸில் இருந்தோம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்புப் பூத்த தரை, நடுவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, அதில் வேலை செய்பவர்களுக்காகக் கட்டிய ஊர். ஆலையின் உயரமான குழாயில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். காற்று எங்கள் பக்கம் திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அம்மா உடனே ஜன்னலைச் சாத்திவிட்டு, “உங்கப்பா கம்பெனி வீட்டுக்கே வந்துட்டுடே” என்பாள்.

அந்த ஊரில் ஒருவர் பாஸ்போர்ட்டைப் பார்க்காமலே அவர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிவிடலாம். வீட்டைப் பார்த்தால் போதும். கடற்கரையோரம் தோட்டம் வைத்த வில்லாக்கள் வெள்ளைக்காரர்களுக்கு. நம் ஊர்ப் பெரிய அதிகாரிகளுக்கு அதற்குப் பின்னால் சின்ன வில்லாக்கள். என் அப்பாவைப் போன்ற டெக்னீஷியன்களுக்கு மூன்று மாடி பில்டிங்கில் பிளாட். கூலி ஆட்களுக்கு ஊருக்கு வெளியே கேம்ப். அங்கே ஒரு ரூமில் எத்தனை பேர் என்று நாங்கள் கேட்டதுமில்லை, யாரும் சொன்னதுமில்லை. இதையெல்லாம் யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, கடல் உப்புக் கரிக்கிறது என்பது போல, இதுவும் ஒன்று.

குளிர் தொடங்கி, காலையில் பனிமூட்டத்தில் ஸ்கூல் பஸ் தெரியாமல் ஹாரன் மட்டும் கேட்கும் நாட்களில், எங்கள் பக்கத்துப் பிளாட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, என் வயதில் ஒரு பெண், ஒரு கைக்குழந்தை. அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பம். அந்த அங்கிள் ஆலையின் தீயணைப்புப் பயிற்சி அதிகாரி. புகைக்குள் எப்படி நுழைவது, மூச்சுக் கருவியை எப்படி மாட்டுவது என்று ஆட்களுக்குச் சொல்லித்தர வந்தவர். அவருக்கு உதவியாளராக ஒரு வெள்ளைக்காரரும் கூடவே வந்திருந்தார். உதவியாளருக்குக் கடற்கரை வில்லா. அதிகாரிக்கு எங்கள் பில்டிங்கில் பிளாட். வில்லா காலியில்லை என்று அவர்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்ட் கம்பெனி சொன்னதாம். எங்கள் பில்டிங்கிலிருந்து பார்த்தாலே மூன்று வில்லாக்கள் பூட்டிக் கிடப்பது தெரியும்.

மாடிப்படியில் துணி காயப்போடப் போகும் பெண்கள் கூடி நின்று பேசிக்கொண்டார்கள்.

“அமெரிக்கான்னாங்க. இப்படியா இருப்பாங்க அமெரிக்காவுல?”

“அதானே. நம்ம பசங்கள ஜாக்கிரதையாப் பாத்துக்கணும்க்கா.”

“அந்தக் குட்டிக்கு முடியப் பாத்தியளா, கம்பிச் சுருள் கணக்கா?”

அவர்களைக் குறிக்க ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். உங்களில் சிலருக்கு அது தெரியும் என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொன்ன பெண்களில் ஒருவர்கூட நிறத்தில் அந்த அம்மாவைவிட ஒரு மாற்றுக் குறைந்தவரில்லை. என் அம்மா உட்பட.

என் வயதிலிருந்த அந்தப் பெண்ணின் பின்னல்களின் நுனியில் கலர் மணிகள் கோத்திருக்கும். அவள் படியில் இறங்கினால் மணிகள் ஒன்றோடொன்று மோதிச் சளசளவென்று சத்தம் வரும். நான் கதவைத் திறக்கும் முன்பே அவள்தான் என்று தெரிந்துவிடும். அவள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். எனக்குப் புரிந்த அளவில், என் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் சினேகமானது எங்கள் அம்மாக்களின் அடுப்படிதான். புதுவருடத்தன்று அவர்கள் வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் வந்தது. அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏல, இது நம்ம தட்டாம்பயறுல்லா!” என்று கத்தினாள். வருடம் பிறக்கும்போது தட்டாம்பயறும் கீரையும் சாப்பிட்டால் அந்த வருடம் நன்றாக இருக்கும் என்பது அவர்கள் வழக்கமாம். வெண்டைக்காயும் சமைப்பார்களாம். அன்றிலிருந்து அம்மா வெண்டைக்காய் வாங்கும்போது அவர்களுக்கும் சேர்த்தே வாங்கினாள்.

ஆனால் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தால், ஆரஞ்சுப் பவுடர் கரைத்த ஜூஸை அம்மா எனக்கு எவர்சில்வர் டம்ளரிலும் அவளுக்குக் காகிதக் கப்பிலும் தருவாள். குடித்ததும் கப்பைக் கசக்கிக் குப்பையில் போடுவாள். விருந்தாளிக்குப் புதுக் கப் என்று நான் நினைத்திருந்தேன். அந்தப் பெண் அப்படி நினைக்கவில்லை.

ஒருநாள் கப்பைக் கையில் சுழற்றிக்கொண்டே சொன்னாள். “எங்க அப்பா முதன்முதலா ஃபயர் ஸ்டேஷன்ல சேர்ந்தப்ப, அவருக்குத் தனித் தட்டு. தனிக் கப். தூங்குறதுக்குக்கூடத் தனிக் கட்டில். அந்தக் கட்டில்ல வேற யாரும் படுக்க மாட்டாங்க. ஆனா நெருப்புக்குள்ள மட்டும் எல்லாரும் ஒண்ணாத்தான் போவாங்க.”

அம்மா என்னிடம், “என்ன சொல்லுதா அவ?” என்றாள். நான் தமிழில் சொன்னேன். பத்து வயதில் எதை மொழிபெயர்க்கக் கூடாது என்று யாருக்குத் தெரியும்?

அம்மா கரண்டியை வைத்துவிட்டு நின்றாள். எங்கள் ஊர் டீக்கடையில் சிலருக்கு மட்டும் வெளியே கொக்கியில் தனிக் குவளை தொங்கும். அது எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கும் எவர்சில்வர் டம்ளரில் ஜூஸ் வந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. பிறகு கவனித்தேன்: கழுவிய பின் அந்த ஒரு டம்ளரை மட்டும் அம்மா எங்கள் டம்ளர்களோடு கவிழ்க்கவில்லை. ஜன்னல் ஓரமாகத் தனியே கவிழ்த்தாள். என் அம்மா கெட்டவள் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் சோறு இறங்காது அவளுக்கு. கெட்டவர்கள் மட்டும்தான் இப்படிச் செய்வார்கள் என்றால் உலகத்தில் பாதித் தொல்லை இல்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் சங்கம் ஒரு பொது அறிவுப் போட்டி அறிவித்தது. சங்கத்தின் செயலாளர் ஆலையின் லேபில் பெரிய அதிகாரி. என் அப்பா அவருக்குக் கீழே வேலை பார்த்தார். அப்பாவின் லீவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். போட்டி இன்டர்நேஷனலாக இருக்க வேண்டும் என்று செயலாளருக்கு ஆசை. அதனால் எந்த நாட்டுப் பிள்ளையும் சேரலாம், அணிக்கு இருவர் என்றார். வந்த ஒரே வெளிநாட்டுப் பிள்ளை எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளோடு சேர ஆள் இல்லை. நான் சேர்ந்தேன்.

மாடிப்படியில் உட்கார்ந்து படித்தோம். நம் தேசியப் பறவை, நீளமான ஆறு, ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது, இதெல்லாம் என் பங்கு. அவள் பங்கு வேறு மாதிரி. சாதாரண சாமான்களைச் சுட்டிக்காட்டி அவற்றின் பின்னால் இருக்கும் ஆளைச் சொல்லுவாள். அம்மா இஸ்திரி போடும் பலகையைக் காட்டி, “இதுல சட்டைக் கை நுழையிற மாதிரி ஒரு வடிவத்தை யோசிச்சது ஒரு கறுப்பினப் பெண். அடிமையாப் பிறந்தவங்க” என்பாள். ரோட்டு சிக்னலைக் காட்டி, “எல்லா வண்டியும் கொஞ்ச நேரம் நிக்கணும்னு நடுவுல ஒரு நிலையைச் சேர்த்தது எங்க ஆளு” என்பாள். பள்ளிக்கூடத்தில் இதெல்லாம் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவள் அம்மா சொன்னது.

சிக்னல்காரரைப் பற்றி அவள் இன்னொன்றும் சொன்னாள். தீயணைப்பவர்கள் புகைக்குள் மூச்சுவிட ஒரு தலைக்கவசத்தையும் அவர்தான் செய்தாராம். ஆனால் செய்தது கறுப்பர் என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதனால் ஒரு வெள்ளைக்காரரைக் கூலிக்கு அமர்த்தி, ‘இவர்தான் கண்டுபிடித்தவர்’ என்று ஊர் ஊராகக் காட்டுவாராம். தான் வேஷம் போட்டுக்கொண்டு அவருடைய எடுபிடி போல நிற்பாராம். எடுபிடிதான் கவசத்தை மாட்டிக்கொண்டு புகைக் கூடாரத்துக்குள் போவார். வெளியே நின்று கைதட்டு வாங்குவது மற்றவர். பிறகு ஒரு ஏரிக்கு அடியில் சுரங்கம் வெடித்து ஆட்கள் மாட்டிக்கொண்டபோது, இவரே கவசத்தோடு உள்ளே போய் ஆட்களைத் தூக்கி வந்தாராம். மெடல் கொடுத்தபோது வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்களாம். இவர் படம் பேப்பரில் வந்ததைப் பார்த்துச் சில ஊர்க்காரர்கள் கவசம் வேண்டாம் என்று ஆர்டரைத் திருப்பிக்கொண்டார்களாம்.

“செத்தாலும் பரவாயில்லைன்னா?” என்று கேட்டேன்.

“ஆமா. செத்தாலும் பரவாயில்லைன்னு.”

இப்படியும் ஒரு முட்டாள்தனம் மனிதருக்கு இருக்குமா என்று எனக்கு அன்றைக்கு நம்ப முடியவில்லை. இன்றைக்கு நம்புகிறேன். மனிதர்களை நிறையப் பார்த்தாயிற்று.

போட்டிக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு அமெரிக்கர் வந்தால் நன்றாக இருக்கும் என்று செயலாளர் தேடினார். தீயணைப்புப் பயிற்சிக்கு அமெரிக்க அதிகாரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, போனிலேயே பேசி அழைத்துவிட்டார். “என்னா இங்கிலீஷ்ய்யா! ரேடியோல கேக்கற மாதிரி இருக்கு” என்று லேப் முழுக்கச் சொன்னாராம். நேரில் பார்க்கவில்லை. குரலைக் கேட்டே அவருக்கு ஒரு நிறம் கொடுத்துவிட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டில் அன்று பெரிய சந்தோஷம். அந்தப் பெண் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். அவள் பிறப்பதற்கு முன்னால், அவள் அப்பா எரிகிற வீட்டிலிருந்து இரண்டு குழந்தைகளைத் தூக்கி வந்தாராம். பாராட்டுக் கூட்டத்தில் மேடையேறியது அவருடைய மேலதிகாரி. அப்பா பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வந்தாராம். “அப்பா மேடையில உட்கார்ந்து நான் பார்த்ததே இல்ல. இந்தத் தடவை பார்ப்பேன். அதுக்காகவாவது ஃபர்ஸ்ட் வரணும். அவர் கையாலதான் பிரைஸ்.”

நான் அதுவரை கோப்பைக்காகப் படித்தேன். அதன்பிறகு இதற்காகவும் படித்தேன்.

போட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம், கிளப் ஹாலில். பர் துபாய் கோயில் சந்திலிருந்து ஐஸ் பெட்டியில் வைத்துச் சம்பங்கி மாலை வந்திருந்தது. அந்தப் பாலைவனத்தில் ஈரப் பூவின் வாசனை ஹாலுக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறியது. சமையற்கட்டிலிருந்து முந்திரி வறுபடும் வாசனை வேறு. கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி வரவில்லை. அங்கிளும் அவருடைய வெள்ளைக்கார உதவியாளரும் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் போட்டியாளர்களுக்கான மேஜையில், மேடையில் உட்கார்ந்திருந்தோம். எல்லாம் எங்கள் கண் முன்னால்தான் நடந்தது.

அங்கிள் வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் போட்டிருந்தார். கிளப்பில் சாமான் தூக்குகிற ஆட்களுக்கும் அதே உடுப்பு. உதவியாளர் கட்டம் போட்ட கலர்ச் சட்டை. செயலாளர் வாசலுக்கு ஓடி வந்தார். அங்கிளைப் பார்த்தார். கையை வீசி, “பாய், இதர் ஆவோ! குர்சி, குர்சி! யல்லா, ஜல்தி!” என்று மூலையில் அடுக்கியிருந்த நாற்காலிகளைக் காட்டினார். அங்கிளுக்கு இந்தியும் தெரியாது, அரபியும் தெரியாது. கை காட்டியது புரிந்தது. சிரித்துக்கொண்டே போய் நாற்காலிகளைத் தூக்கி வரிசை போட ஆரம்பித்தார்.

ஏன் சிரித்தார் தெரியுமா? அவர்கள் ஊர் சர்ச்சில் கூட்டம் என்றால் வந்தவர், வரவேற்பவர் எல்லோரும் சேர்ந்துதான் நாற்காலி போடுவார்களாம். நம்மையும் வீட்டு ஆளாக நினைத்துவிட்டார்கள் என்று அந்த மனிதர் சந்தோஷப்பட்டிருக்கிறார். இதை அந்தப் பெண் பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

செயலாளர் உதவியாளரிடம் திரும்பினார். “வெல்கம், வெல்கம் சார்!” மாலை அவர் கழுத்தில் விழுந்தது. நெற்றியில் சந்தனம். உதவியாளர் இரண்டு கையையும் ஆட்டி, “நோ, நோ” என்று நாற்காலிப் பக்கம் காட்டினார். செயலாளர் மைக்கில், “வெரி சிம்பிள் மேன்! அவரும் நாற்காலி போட வரேங்கறார்!” என்றார். ஹாலில் ஒரே கைதட்டல். உதவியாளரை மேடைக்குக் கூட்டிப் போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் நெளிந்தார். ஜூஸ் வந்தது. குடித்தார். பிறகு நெளியவில்லை.

அங்கிள் கையில் ஒரு நாற்காலியோடு மாலையைப் பார்த்தார். அவர் சிரிப்பு எப்போது நின்றது என்று நான் பார்க்கவில்லை. நான் பார்த்தபோது அது இல்லை. கையிலிருந்த நாற்காலியைச் சத்தமில்லாமல் வரிசையில் வைத்தார். சுவரோரம் போய் நின்றுகொண்டார். நாற்காலி தூக்கியவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் யாரும் கொடுக்கவில்லை.

அந்த ஹாலில் எங்கள் பில்டிங் குடும்பங்கள் அத்தனையும் இருந்தன. அவர்களுக்கெல்லாம் அவர் யார் என்று தெரியும். படிக்கட்டில் தினம் பார்க்கிறவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என் அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். மேடையிலிருந்து நான் அவரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

பக்கத்தில் அந்தப் பெண் பின்னல் மணி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். “போயிரலாமா?” என்று கேட்டேன். “மாட்டேன். ஜெயிக்கணும்” என்றாள்.

கேள்வி கேட்டது எங்கள் ஸ்கூல் டீச்சர். மின்சார பல்பு பற்றி ஒரு கேள்வி வந்தது. அந்தப் பெண் பதிலைச் சொல்லிவிட்டு, “ஆனா அந்த பல்பு சீக்கிரம் எரிஞ்சுபோகும். உள்ள இருக்கிற இழை ரொம்ப நாள் உழைக்கிற மாதிரி செய்ய வழி கண்டுபிடிச்சது ஒரு கறுப்பினத்தவர். அவரோட அப்பா அம்மா அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவங்க” என்றாள். டீச்சர் சிரித்துக்கொண்டே, “ஆன்ஸர் மட்டும் போதும்மா. ஸ்டோரி வேணாம்” என்றார். ஹாலும் சிரித்தது. பிள்ளைகளே, ‘கதை வேண்டாம், பதில் போதும்’ என்று சொல்லிச் சொல்லித்தான் பாதிப் பேரை உலகம் மறந்துபோனது.

போட்டியின் நடுவில் சங்கத்து ஆள் ஒருவர் மேடையேறிச் செயலாளர் காதில் என்னவோ சொன்னார். செயலாளர் திரும்பிச் சுவரோரம் நின்றவரைப் பார்த்தார். கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். உதவியாளர் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தார். பிறகு, “நெக்ஸ்ட் ரவுண்டு!” என்றார்.

ஜெயித்தது நாங்கள்தான்.

“ஃபர்ஸ்ட் பிரைஸ்! கம், கம்!” செயலாளர் கோப்பையை எடுத்து உதவியாளர் கையில் கொடுத்தார். அந்தப் பெண் எழுந்தாள். கோப்பை பக்கம் போகவில்லை. மேடைப் படியில் இறங்கி, ஹாலைக் குறுக்கே கடந்து, சுவரோரம் அவள் அப்பா பக்கத்தில் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன்.

“எங்கம்மா போறே? பிரைஸ் இங்க இருக்கு!”

“சிறப்பு விருந்தினர்கிட்டதான் வாங்குவேன்” என்றாள் அவள்.

“அவர் இங்கதாம்மா இருக்கார்!”

“இல்ல. அவர் எங்க அப்பாவோட அசிஸ்டென்ட்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ, “புள்ளைக்கு என்னா திமிரு பாரு” என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “சாப்பாடு ஆறுதுப்பா, சட்டுனு முடிங்க” என்றது. அங்கிள் மகளின் தோளில் கை வைத்து வெளியே போகலாம் என்பது போல லேசாகத் தள்ளினார். அவள் அசையவில்லை.

அப்போது என் அப்பா எழுந்தார்.

“சார்.”

“என்னய்யா?”

“அந்தப் புள்ள சொல்லுதது நெசம் சார். ட்ரெயினிங் ஆபீசர் அவுகதான். நீங்க மாலை போட்டது அவுக அசிஸ்டென்டுக்கு.”

செயலாளர் மேடை ஓரத்துக்கு வந்து குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டார். “எனக்கு மட்டும் தெரியாதாய்யா? பாதியிலேயே தெரிஞ்சுபோச்சு. போட்ட மாலையைக் கழட்டி இன்னொருத்தருக்குப் போடச் சொல்றியா? அசிங்கமா இருக்காது? பேசாம உக்காரு.”

ஹாலின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் அதைச் சொன்னது.

தெரியாமல் செய்தது தவறு. தெரிந்த பிறகும் அப்படியே விட்டார்களே, அதற்கு என்ன பெயர்? ஒரு மனிதரை நிற்க வைப்பது அசிங்கமில்லை, மாலையைக் கழற்றுவது அசிங்கம்!

“உக்கார மாட்டேன் சார்” என்றார் அப்பா. அந்த வருடம் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

உதவியாளர் முகம் சிவந்து மாலையைக் கழற்றினார். செயலாளர் அதை வாங்கிக்கொண்டு, கீழே இறங்கி அங்கிளிடம் வந்தார். அங்கிள் உள்ளங்கையைக் காட்டி வேண்டாம் என்றார். செயலாளர் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். “சார், நீங்க யாருன்னு தெரிஞ்சிருந்தா உங்களை நாற்காலி தூக்கச் சொல்லியிருப்பேனா?”

அங்கிள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலத்தான் கேட்டார்.

“வேறு யாரைச் சொல்லியிருப்பீர்கள்?”

வாசலில் கிளப்பின் ஆட்கள் இருவர், ஒரு சூடான்காரரும் ஒரு வங்காளதேசத்துக்காரரும், கூட்டம் முடிந்தால் நாற்காலி எடுக்கக் காத்து நின்றார்கள். செயலாளர் கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

அங்கிள் மேடைக்குப் போகவில்லை. கோப்பையைக் கீழே கொண்டுவரச் சொன்னார். எங்கள் இருவர் கையிலும் சேர்த்து வைத்து, முதலில் மகளுக்கும் பிறகு எனக்கும் கை கொடுத்தார். அந்தக் கை என் கையை முழுக்க மூடிக்கொண்டது. பரிசு கொடுத்தால் கைதட்டுவார்கள் அல்லவா? நான் காத்திருந்தேன். ஏசியின் சத்தம் கேட்டது. சமையற்கட்டில் கரண்டி விழுந்தது கேட்டது. அப்பாவைத் தேடினேன். அவர் நின்றபடியே முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஹாலில் அத்தனை ஜோடிக் கைகள்; மடியில் கிடந்தன, சேலை முந்தானையைப் பிடித்திருந்தன, பிள்ளைகளின் தலையில் இருந்தன.

மேடையிலிருந்து ஒரே ஒரு ஆள் தட்டினார். வெள்ளைக்கார உதவியாளர்.

அவ்வளவுதான். ஹால் முழுவதும் தட்ட ஆரம்பித்தது. விசில்கூட அடித்தார்கள். படிக்கட்டில் நின்று முடியைப் பற்றிப் பேசிய பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்கள். என் அம்மாவும் தட்டினாள்.

அந்தப் பெண் என் காதருகே குனிந்தாள். “பார்த்தியா? அவர் தட்டுறவரைக்கும் காத்திருந்தாங்க.”

பார்த்தேன். அந்தச் சத்தத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கோப்பையை ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் நானும் பிடித்திருந்தோம். கைதட்டல் ஓயும்வரை எங்கள் இருவரில் ஒருவரும் சிரிக்கவில்லை.